கடவுள் கொடுத்த மாப்பிள்ளை

லிவர்மோர் கோயிலில் அர்ச்சனை வரிசை. எனக்கு முன்னால் இரண்டு பெண்மணிகள். ஒருத்தி அர்ச்சனைச் சீட்டில் பெயரை அடித்துத் திருத்திக்கொண்டிருந்தாள். தோழி எட்டிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை பேரு தேவதத்தனா? உக்ரைன் பையன்னு சொன்னே?"

"நிஜப் பேரு போஹ்தான். அந்த ஊர்ல பழைய பேராம். போஹ்னா கடவுள், தான்னா கொடுத்ததுன்னு என் பொண்ணு எனக்கு கிளாஸ் எடுக்கறா. குருக்கள் வாயில நுழையணுமே, அதான் மாத்திட்டேன்."

"நட்சத்திரம்?"

"அவங்கம்மாவுக்கே பொறந்த டைம் ஞாபகமில்லையாம். கோத்திரத்துக்கு சிவகோத்திரம்னு போட்டுட்டேன்."

"கடவுளே கொடுத்திருக்காரு. அப்புறம் ஏன்டி மூஞ்சிய இப்படி வச்சிருக்கே?"

"நான் இதையா கேட்டேன்? மூணு வருஷம், வாராவாரம் குபெர்டினோலேர்ந்து டிரைவ் பண்ணி வந்து, வரன் அமையணும்னு அர்ச்சனை பண்ணேன்."

"யார் பேருக்கு?"

"பொண்ணு பேருக்குத்தான். அவ நட்சத்திரம், கோத்திரம் எல்லாம் கரெக்டா சொன்னேனே."

"பையன் எந்த ஊரா இருக்கணும்னு சொன்னியா?"

அவள் சீட்டை மறுபடி பார்த்தாள். வரிசை நகர்ந்தது.

"சொல்லல இல்ல? சாமி கையில இருந்ததைக் குடுத்துட்டாரு. இங்க ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க, சீட்டைக் குடு."