எந்த மருந்து கேட்டது

மல்லாட்டைக்கு, நீங்கள் சொல்கிற வேர்க்கடலைக்கு, ஜிப்சம் போட்டால் காய் திரளுமா, திரளாதா என்று யாரையும் கேட்கக் கூடாது. கடைக்காரன் திரளும் என்பான், அவனுக்கு மூட்டை விற்க வேண்டும். பக்கத்துக் கொல்லைக்காரன் திரளாது என்பான், நமக்கு விளைந்து நாம் நிமிர்ந்துவிடக் கூடாது. ஒரு துண்டுக்குப் போட்டு, ஒரு துண்டுக்குப் போடாமல் விட்டு, பிடுங்கிப் பார்த்துவிட வேண்டியதுதான். செடி பொய் சொல்லாது. கோலியனூர்ப் பக்கம் பெரிய விவசாயி என்று என்னைச் சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் பச்சைமுத்துவை ஒரு வியாபாரி ஏமாற்றினான் என்று யாரும் சொல்ல முடியாது. அதை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

நான் மூணாங் கிளாஸோடு நின்றவன். கையெழுத்து மட்டும்தான் வரும். எழுதினதைக் கடைசியில் ஒரு தரம் படித்துக் காட்டுங்கள். உங்களைச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை, எல்லாரிடமும் கேட்பதுதான்.

எண்பத்து நாலு தை மாசம் என் சம்சாரம் கெங்கம்மாளுக்குக் கழுத்தில் நெறி கட்டியது. முதலில் ஒன்று. அப்புறம் காதுக்குக் கீழேயிருந்து தோள்பட்டை வரைக்கும் கொத்துக் கொத்தாக. வலி கிடையாது. வலி இல்லாததுதான் சரியில்லை என்றார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா. துளி சதை வெட்டிப் பார்த்துவிட்டு, கேன்சர் என்றார்.

"பயப்படாதீங்கம்மா. இது மெதுவாப் போற வகை. மாத்திரைக்குக் கட்டுப்படும். வருஷக்கணக்கா நல்லா இருக்கலாம். மாத்திரையை மட்டும் விட்டுறாதீங்க."

மாத்திரை கட்டியைப் பிடித்ததோ இல்லையோ, முதலில் அவள் வயிற்றைப் பிடித்தது. ஒரே குமட்டல். சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பக்கத்து வீட்டுச் செண்பகம்தான் கிளியனூர் வைத்தியர் தாண்டவராயன் பேச்சை எடுத்தாள். திண்டிவனம் போய், பஸ் மாறி, கூட்டிக்கொண்டு போனேன். அந்த ஆள் நாடி பிடித்துப் பார்த்தார். ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இந்தக் கட்டியை நான் கரைக்கிறேன்னா அது பொய்யிங்க. அத மாத்திரை பாத்துக்கும். மாத்திரையைத் தாங்கறாப்பல நான் உடம்பத் தேத்தறேன்" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "தாயீ, காலங்காத்தால நடக்கணும். கேப்பைக் கஞ்சி, முருங்கக்கீரை, முட்டை, எதுவா இருந்தாலும் கொஞ்சங்கொஞ்சமா பிரிச்சிச் சாப்புடு. மாத்திரைக்கு மின்ன சுக்குத் தண்ணி. மூச்ச இப்படி இழுத்து, இப்படி விடு. எல்லாத்தையும் டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டுச் செய்" என்றார்.

டாக்டரம்மாவிடம் சொன்னோம். "நல்லதுதான், செய்யட்டும். விவரமான மனுஷரா இருக்காரு. உள்ளுக்கு வேற ஏதாவது மருந்து குடுத்தா மட்டும் என்னைக் கேட்டுக்கங்க" என்றார்.

எனக்கு அங்கேதான் உறுத்தியது. விழுப்புரம் கடைத்தெருவில் எதிரெதிராகக் கடை வைத்திருக்கிற ரெண்டு பேர் ஒருத்தனை ஒருத்தன் யோக்கியன் என்று சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை. அப்படிச் சொன்னால் ரெண்டு பேரும் கூட்டு. இல்லை, ஒருத்தனுக்குத் தன் சரக்கு மேலேயே நம்பிக்கை இல்லை.

அவள் தேறினாள். அதையும் மறைக்க மாட்டேன். தினம் காலையில் அவள் கழுத்தில் விரல் வைத்துப் பார்ப்பேன். புளியங்கொட்டை அளவு இருந்ததெல்லாம் ஆனி கடைசியில் உளுந்து அளவுக்கு வந்துவிட்டது. செண்பகத்தைச் சேர்த்துக்கொண்டு ஏரிக்கரையில் கை வீசி நடப்பாள். நான் மடைகிட்டே நின்றிருந்தபோது ரெண்டு பேரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எக்கா, உனக்கு எந்த மருந்துதான் கேட்டுச்சு?"

"யாரு கண்டா. டாக்டரம்மாவும் தங்கமானவங்க, வைத்தியரும் தங்கமானவரு. ரெண்டும் சேந்து கேட்டுச்சின்னு வெச்சிக்கயேன்."

"உங்க ஊட்டுக்காரரு என்னா சொல்றாரு?"

"அவரா? சாமியே எதுர்ல வந்து நின்னாலும், பின்னால போயி வேஷமா நெசமான்னு ஒருதரம் பாத்துக்கினுதான் கும்புடுவாரு."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டாக்டரம்மாவைச் சொன்னாள், வைத்தியரைச் சொன்னாள். பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு அலைந்தவனைச் சொல்லவில்லை. அதையெல்லாம் நான் மனசில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. ஆனால் செண்பகம் கேட்டது நல்ல கேள்வி. எந்த மருந்து கேட்டது?

பெண்டாட்டியை வரப்புக் கட்டிப் பாதியாகப் பிரிக்க முடியாது. பட்டத்தைப் பிரிக்கலாம், அதாவது பருவத்தை. ஒரு பட்டத்துக்கு ஒன்று, அடுத்த பட்டத்துக்கு மற்றது.

ஆஸ்பத்திரி மாத்திரையைக் காகிதக் கவரில் கொட்டித் தருவார்கள். சின்னது, வெள்ளை. மருந்துக் கடையில் அதே ஜாடையில் ஒரு சத்து மாத்திரை கிடைத்தது. ஆடி பிறந்ததும் ஆஸ்பத்திரி மாத்திரையை எடுத்துவிட்டு அந்தக் கவரில் சத்து மாத்திரையைப் போட்டேன். அது விஷமில்லை, பிள்ளைகள் தின்கிறது. விஷம் வைத்தான் என்று எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

குமட்டல் நின்றுபோனது. "மாத்திரை உடம்புக்குப் பழகிடுச்சுங்க" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். வைத்தியர் சொன்னதை ஒன்று விடாமல் செய்தாள். ஐப்பசியில் விரல் வைத்துப் பார்க்கிறேன், உளுந்தெல்லாம் மறுபடி புளியங்கொட்டை. டாக்டரம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாம்மா?"

"ஒரு வேளை விட்டதில்லைங்க. அவரு கையாலயே எடுத்துத் தர்றாரு."

டாக்டரம்மா என்னைப் பார்த்து, இந்த மாதிரி எத்தனை ஆம்பளைங்க பாத்துக்குவாங்க என்றார்.

ஆக, ஆஸ்பத்திரி மாத்திரை பொய்யில்லை. அப்படியென்றால் பொய் கிளியனூரில்தான் இருக்க வேண்டும். பழைய மாத்திரையைத் திரும்பக் கொடுத்தேன். வைத்தியர் பத்தியத்தை மாற்றிச் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று அவளிடம் சொன்னேன். நடை கூடாது, கீரை கூடாது, முட்டை கூடாது, சுக்குத் தண்ணீர் கூடாது, மூச்சுப் பயிற்சியும் வேண்டாம். வெறும் அரிசிக் கஞ்சி. காலையில் செண்பகம் வந்து கூப்பிட்டால், "வைத்தியரு வேணாம்னுட்டாராம்டி, நீ போய்ட்டு வா" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். அப்புறம் செண்பகம் வருவதும் குறைந்துபோனது.

கட்டி சுருங்கியது. ஆனால் போகப் போக மாத்திரை உள்ளே தங்கவில்லை. போட்டதும் வாந்தி. தை வரும்போது ரவிக்கை தோளிலிருந்து வழிந்தது. சுவரைப் பிடித்துத்தான் எழுந்தாள். வைத்தியரும் பொய் சொல்லவில்லை என்று ஏற்றுக்கொண்டேன். என்னிடம் வீம்பு கிடையாது.

அதோடு நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். விவசாயம் தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். ஒன்றுமே போடாத துண்டு ஒன்று வேண்டும், ஐயா. மண்ணுக்கு என்று ஒரு சொந்த பலம் உண்டு. அது எவ்வளவு என்று தெரியாமல், உரம் எவ்வளவு கொடுத்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? ரெண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து, தானாகத் தேறுகிற உடம்பைக் காட்டிப் பேர் வாங்கியிருக்கலாம் இல்லையா? தை கழிந்ததும் ரெண்டும் இல்லாமல் விட்டேன். சத்து மாத்திரைகூட இல்லை. ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போகவில்லை. டாக்டரம்மா லீவில் இருக்கிறார், திரும்பி வருகிறவரைக்கும் எந்த மாத்திரையும் போட வேண்டாம் என்றார் என்று சொன்னேன். வைத்தியரும் அதையே சொன்னார் என்றேன்.

மாசியில் ஒரு நாள், "தெரு முனை வரைக்குமாவது நடந்துட்டு வரட்டுமாங்க? செண்பகம் கையப் புடிச்சிக்கினு போறேன்" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கீரை கேட்டாள். அதுவும் வேண்டாம் என்றேன். பாதியில் ஒரு பிடி உரத்தை வீசிவிட்டால் அந்தத் துண்டே பாழ். சித்திரையில் தவறிப்போனாள். மண்ணுக்குச் சொந்த பலம் ஒன்றும் இல்லை.

யாரும் என்னைக் கண்டுபிடித்துவிடவில்லை. காரியம் முடிந்ததும் நானே கிளியனூர் போனேன். ஒரு மனுஷனைச் சந்தேகப்பட்டால், அவன் யோக்கியன் என்று தெரிந்ததும் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும். வைத்தியர் முழுக்கக் கேட்டார். எழுந்து வீட்டுக்குள்ளே போனவர் திரும்பி வரவில்லை. அங்கேயிருந்து நேரே ஆஸ்பத்திரி. "அம்மா, நீங்களும் பொய் சொல்லல, அவரும் பொய் சொல்லல. ரெண்டும் சேந்துதான் கேட்டிருக்குது. நான் நிறுத்தி நிறுத்திப் பாத்துட்டேன்" என்றேன். டாக்டரம்மா என்னை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். உட்கார்ந்த இடத்திலேயே போனை எடுத்து போலீஸ் ஸ்டேஷனில் உங்களைக் கூப்பிட்டார். நல்லவர் என்று சொன்னதற்கு அந்த முகத்தில் துளி சந்தோஷம் இல்லை.

அவளுக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். கடைசி வாரம் படுத்தபடியே அவளேதான் சொன்னாள்.

"ஆடி மாசத்து மாத்திரை வேறதானேங்க? நாக்குல வெச்சதும் இனிச்சுது."

"தெரிஞ்சும் ஏன்டி கேக்கல?"

"நீங்க குடுக்கறத என்னா ஏதுன்னு பாத்துக்கினா வாங்குவாங்க?"

யார் கொடுத்தாலும் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து படித்துப் படித்துச் சொன்னேன், ஐயா. அவள்தான் கேட்கவில்லை.