திக்காமல் பாடிய பிள்ளை

லுணுகலையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த தேயிலைத் தோட்டத்து அம்மா, பக்கத்திலிருந்த இளம்பெண்ணிடம் சொன்னார்:

"டீச்சர், நீங்க எங்க ஸ்கூலுக்கு வராமலே இருந்திருக்கலாம்."

அந்தப் பெண் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பாட்டும் நாடகமும் பழக்கிய குழுவில் இருந்தவள் என்பது பேச்சில் தெரிந்தது.

"ஏன் அக்கா அப்புடிச் சொல்றீங்க? உங்க மக கவிதா நல்லாப் பாடினாளே."

"அதத்தான் சொல்றேன். பேசுனா திக்குற புள்ள, மேடையில ஒரு எடத்துலகூட திக்காம பாடினா. எங்க லயத்து வீடுகள்ல இருக்குற சனமெல்லாம் அழுதுச்சு. நீங்க போன பொறகு வாயத் தொறந்தா பழையபடி திக்குது. முன்னாடி திக்கித் திக்கியாவது பேசுவா. இப்ப பேசுறதையே விட்டுட்டா. வகுப்புலயும் இல்ல, வீட்டுலயும் இல்ல."

"பாடுறாளா?"

"நீங்க வந்தாத்தான் பாடுவாளாம். எழுதிக் காட்டுறா. எப்ப வருவீங்க?"

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"குழுவே கலைஞ்சு போச்சு அக்கா. நான் இப்ப பசறையில துணிக்கடையில நிக்கிறேன்."

பஸ் பசறைக்கு வந்தது. அவள் இறங்க எழுந்தபோது அந்த அம்மா கேட்டார்:

"அவகிட்ட நான் என்னான்னு சொல்றது?"

"என்னப் பாத்ததா சொல்லாதீங்க அக்கா."