துடைக்காதீங்கக்கா!

ஐயோ தொடாதீங்கக்கா! அந்தத் துணியக் கீழ போடுங்க மொதல்ல. எல்லாரும் இதே தப்பத்தான் பண்றீங்க. அடிபட்ட சைக்கிளத் தள்ளிக்கிட்டு வர்றது, வந்ததும் வராததுமா கடைத் துணிய எடுத்துத் துடைக்கிறது. அது அழுக்கு இல்லக்கா, சாட்சி! மட்கார்டுல பச்சையா ஒரு கோடு தெரியுதா? உங்க சைக்கிளு நீலம். அப்ப பச்சை யாரோடது? உங்கள இடிச்ச ரொட்டி வேனோடது! அத நீங்களே துடைச்சு விட்டா, அந்த வேன்காரன் உங்க படத்த வண்டில மாட்டிக் கும்பிடுவான்.

என்ன, போட்டோவா? எடுங்க எடுங்க, நல்லா எடுங்க. இருங்க, தலைய வாரிக்கிறேன்... ம், இப்ப.

ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும்னு எழுதித் தரணும், அவ்வளவுதான? நாலு மணிக்குள்ள சைக்கிளத் தள்ளிக்கிட்டுப் போய் வேனோட இன்சூரன்ஸ் ஆபீஸ்ல நிக்கணுமா? நிக்கலாம். ஆனா இது எங்க மாமா கடை, லெட்டர்பேடு அவரு மேசைக்குள்ள. பூட்டிட்டு சாப்பிடப் போயிருக்காரு. திறந்து வச்சா நான் அதுல மீசை வச்சு அவரு மூஞ்சிய வரையிறேனாம். ஒரே ஒரு தடவதாங்க்கா வரைஞ்சேன்! அதுவும் பின்பக்கம். மூணு மணிக்கு வந்துருவாரு. உக்காருங்க. அந்த ஸ்டூல்ல வேணாம், ஒரு கால் குட்டை. இதுல உக்காருங்க.

சைக்கிளத் தலகீழா நிறுத்திக்கிறேன். பாக்குறதுக்குத்தான். யம்மா! சக்கரமா இது? எட்டுப் போட்ட மாதிரி இருக்கு. சுத்துனா கேளுங்க... சரக், சரக், சரக். ஒவ்வொரு சுத்துக்கும் ப்ரேக்ல போய் இடிக்குது. கேக்கவே பல்லு கூசுது.

கை எப்படி இருக்கு? பன்னு மாதிரி வீங்கியிருக்கே! வலது கை வேற. தையக்காரங்களுக்கு அந்தக் கை போச்சுன்னா மிஷினு சும்மாதான நிக்கும்? அறுபது யூனிபாரம் தைக்கக் கெடக்கா! அப்ப கேளுங்க, சைக்கிளுக்கு மட்டும் நஷ்டஈடு கேட்டுட்டு வந்துராதீங்க. கைக்குத்தான் பெருசாக் கேக்கணும். எத்தன நாளு தைக்க முடியாதுன்னு டாக்டர எழுதித் தரச் சொல்லுங்க. மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, ஆட்டோவுல போனது, எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு வைங்க. கிழிஞ்ச சட்டையையும்தான். நீங்க தையக்காரங்க, அதத் தைச்சுப் போட்டுருவீங்க. தைக்கப்படாது! ...தைச்சிட்டீங்களா? ஒரு கையாலயா? அக்கா, உங்களத் திருத்த முடியாது.

வேன் நம்பரு உள்ளங்கைலயா! நேத்துலருந்து கழுவவே இல்லையா? போலீஸ்ல எழுதிக் குடுத்தாச்சுல்ல? அப்ப தாராளமாக் கழுவலாம். யாரு எழுதி விட்டது, மருந்துக்கடை அம்மாவா? அவங்கதான் உங்க பெரிய சாட்சி. போன் நம்பரு வாங்கினீங்களா?

அதான பாத்தேன். போற வழில வாங்கிருங்க.

ஸ்போக்க முறுக்குற அந்தச் சாவிய இப்படித் தள்ளுங்க. ஒண்ணுமில்ல, கைல எதாவது இருந்தாத்தான் எனக்கு வாய் ஓடும். காலேஜ்லயும் அப்படித்தான், வாத்தியாரு பேசுறப்ப பேனாவக் கழட்டிக்கிட்டே இருப்பேன். ரெண்டாவது வருசம் பெஞ்சக் கழட்டினேன். அப்புறம் அவங்க என்னையக் கழட்டி விட்டாங்க.

இதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்னு பாக்குறீங்க. நானும் பறந்தவன்க்கா! மூணு மாசத்துக்கு முன்னாடி. நேரா போய்க்கிட்டிருக்கேன், ஓரமா நின்ன கார்ல ஒருத்தரு படக்குன்னு கதவத் திறக்குறாரு. நான் கதவுக்கு இந்தப் பக்கம், பல்லு நடைபாதைல. எந்திரிச்சதும் என்ன பண்ணேன் தெரியுமா? "சாரி சார், கதவுக்கு ஒண்ணும் ஆகலயே"ன்னு கேட்டேன்! வாய்ல ரத்தம், நான் சாரி சொல்றேன். அவரு பெரிய மனசு பண்ணி, "பரவால்ல, பாத்துப் போப்பா"ங்குறாரு. மன்னிச்சுட்டாராம்!

நம்பரு எடுக்கல. நல்லவேள, எதித்த டீக்கடைக்காரரு எடுத்து வச்சிருந்தாரு. போலீஸ், டாக்டரு, எல்லாம் முடிச்சேன். "நாளைக்கு வண்டியக் கொண்டுவா"ன்னாங்க இன்சூரன்ஸ் ஆபீஸ்ல. இங்கதான் நம்ம மூளை வேல செஞ்சுச்சு.

நாலு பேரு பாக்குற ஆபீஸு. சைக்கிள் கடைக்காரன் கோணச் சக்கரத்தோட போய் நின்னா என்ன நினைப்பாங்க? மாமா மானம் என்னாகும்? உக்காந்தேன். ஸ்போக்க முறுக்கிச் சக்கரத்துல கோட்டம் எடுத்தேன், ஹேண்டில நிமித்தினேன், செயினுக்கு எண்ணெய் விட்டேன், ரெண்டு கோட்டு சிவப்பு பெயின்டு. கண்ணாடி மாதிரி மினுக்குச்சுக்கா! மறுநாள் அந்த மூணாவது கவுன்ட்டரு ஆபீசரு, மூக்குக் கண்ணாடிய நெத்தில ஏத்திக்கிட்டு, சைக்கிளச் சுத்திச் சுத்தி வந்தாரு. மணிய அடிச்சுப் பாத்தாரு. கிணிங்! "தம்பி, புது வண்டியா? விபத்துல மாட்டுன வண்டி எங்க?"ங்குறாரு. பின்னாடி மொத்த ஆபீஸும் சிரிக்குது. பழைய போட்டோ ஒண்ணுகூட இல்ல. பல்லுக்கு மட்டும் குடுத்தாங்க. சைக்கிளுக்குக் கைய விரிச்சுட்டாங்க. "உன் கை இருக்கே, அதக் கட்டிப் போடணும்டா"ன்னு மாமா ஒரு வாரம் திட்டினாரு.

அதான் தலபாடா அடிச்சுக்குறேன். அடிபட்டது அடிபட்ட மாதிரியே இருக்கணும். ஒரு ஸ்போக்கக்கூட யாரையும் தொட விடாதீங்க. உங்க மணிகூடப் பாருங்க, மூடி நசுங்கி உள்ள போயிருக்கு. பாவம்... அதுவும் சாட்சிதான்.

என்னக்கா அப்படிப் பாக்குறீங்க? சிரிக்கிறீங்க? என் மூஞ்சில கிரீஸா?

சக்கரமா? சக்கரத்துக்கு என்ன... சுத்துதே. நல்லா...

சத்தம் எங்க? அந்த சரக் சரக் எங்க போச்சு?

ஐயையோ! அக்கா! நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே கோட்டம் எடுத்திருக்கேன்! வாயத் திறந்து ஒரு வார்த்த "டேய் நிறுத்துடா"ன்னு சொல்லக் கூடாதா? எங்க, சொல்ல எடம் குடுத்தாத்தானன்னு நினைக்கிறீங்க, அதுவும் சரிதான். இருங்க, கால வச்சு ஒரு மிதி மிதிச்சா பழையபடி... வேணாமா? ஆமா, அது பித்தலாட்டம். வேணாம்.

என்ன காட்டுறீங்க போன்ல? அட! நீங்க வந்தப்ப எடுத்தது! கோணச் சக்கரம், பச்சைக் கோடு, நடுவுல தலைய வாரிக்கிட்டு நானு! அக்கா, நீங்க தெய்வம்! மாமா வரட்டும், லெட்டர்பேடுல நானே எழுதுறேன்: "வந்தப்போ சக்கரம் எட்டு மாதிரி இருந்தது. நிமித்தினது நான். புத்தியில்லாமல்." கையெழுத்தும் போடுறேன்.

நேர்ல வந்து சொல்லணுமா? வர்றேன், தப்பு என்னோடது. எந்தக் கவுன்ட்டரு?

...மூணாவதா? கண்ணாடிய நெத்தில ஏத்தி வச்சிருப்பாரா?

வர்றேன்க்கா. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாரு, உங்க அறுபது யூனிபாரத்துக்காக வர்றேன். மணிய அடிச்சுப் பாப்பாரு, பாக்கட்டும். அது ஒண்ணையாவது தொடாம விட்டேனே. கேளுங்க, செத்துப்போன மணி, சத்தமே வரா...

கிணிங்!

இத எப்பக்கா சரி பண்ணேன்?