குமிழ்மரத்துல ஒரு ராக்கு

…இல்ல சவுகத் பாய், எந்திரிச்சு உள்ள போகாதீக. கேட்டுட்டுப் போங்க. ஒருநா சோலியப் போட்டுட்டு, போடிமெட்டுலருந்து ஜீப்புல நசுங்கிக்கிட்டு எறங்கி வந்திருக்கேன். உங்க கடையில வாங்குன மரம் நட்டநடுவுல வெடிச்சு நிக்கிது. இந்தா, பையிலயே கொண்டாந்திருக்கேன். கழுத்துலருந்து இடுப்பு வரைக்கும் வெடிப்பு. உள்ள வெரலு போகுது பாருங்க.

என்னையத் தெரியலயா? மலைச்சாமி சம்சாரம், ராக்கு. எஸ்டேட்டு ஜீப்பு ஓட்டுறாரே, மாசம் ஒருக்கா வந்து இங்க இருக்க மரத்தையெல்லாம் தட்டித் தட்டிப் பாத்துட்டு, கடைசில ஒரு முழத் துண்டு வாங்கிட்டுப் போவாரே… அவருதேன்.

மத்த ஆம்பளைக சீட்டு வெளையாடுது, தண்ணியப் போடுது. இவருக்கு உளி. லீவு நாளு வந்துட்டாப் போதும், வாசல்ல உக்காந்து கொத்து கொத்துன்னு கொத்திக்கிட்டு… மரச்சீவலு கொழம்புல கெடக்கு, தலகாணில கெடக்கு. மொதல்ல ஒரு அணிலு செதுக்குனாரு. நான் பெருச்சாளின்னு நெனச்சு வெளக்கமாத்தாலயே போட்டேன். அதுக்கு ரெண்டு நா பேசல. பெறகு ஒரு மயிலு. மயிலுன்னு அவரு சொன்னாரு, நானும் சரின்னுட்டேன். குடும்பம் நடத்தணும்ல.

அதுக்கப்பறந்தேன் இந்தக் குமிழ்மரம். உன்னையச் செதுக்கப்போறேன்னாரு. அட போய்யா, வேற ஆளு கெடைக்கலயான்னு வஞ்சேன். வஞ்சேனே தவிர… நாலு மாசம் பாய். தலையில துண்டக் கட்டி, இடுப்புல கூடையக் கட்டி, நான் ஏலக்காட்டுல காய் எடுக்க நிக்கிற மாதிரியே. எங் காதுக்குப் பின்னால ஒரு வடு இருக்குன்னு எனக்கே மறந்துபோச்சு. அந்த மனுசன் அதையுஞ் செதுக்கி வச்சிருந்தாரு.

எல்லாம் போச்சு. பச்ச மரத்தத் தலையில கட்டிட்டீகளே பாய்.

என்னது… பச்ச மரம்னு சொல்லித்தேன் குடுத்தீகளா. ஆமா, அவருஞ் சொன்னாரு. பச்ச மரந்தேன் உளிக்கு எளகிக் குடுக்கும், முடிச்சதும் சாக்கச் சுத்தி மூணு மாசம் நெழல்ல போடணும்னு. போட்டாருதேன், கட்டிலுக்கு அடியில. ஆனா மூணு மாசம் யாரு காத்துக்கெடக்குறது? தேனியில எம் மக முத்துப்பிரியா இந்த மாசம் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சுறா. சம்பந்தியம்மா வருவாக. அவுக வீட்டுச் சுவரு பூரா போட்டோ. எனக்கு மரத்துலயே செல இருக்குன்னு காட்ட வேணாமா.

அதேன்… கொஞ்சம் அனல் காட்டுனேன்.

அடுப்புல இல்ல பாய், நான் என்ன கிறுக்கியா. இப்ப எனக்கு வேல, காய் வாட்டுற ஸ்டோருல. பச்ச ஏலக்காயத் தட்டுல பரப்பி, அனல ஏத்திக் கதவச் சாத்துனா, ஒரே நாள்ல கலகலன்னு காஞ்சிரும். அவரு தேவாரத்துக்கு லோடு கொண்டுபோன அன்னைக்கு, நடுத்தட்டுல காயோட காயாப் படுக்க வச்சேன். மறுநா தொறந்து பாத்தா, நான் ரெண்டாப் பொளந்து கெடக்குறேன்.

வெரசா சாக்கச் சுத்தி, இருந்த எடத்துலயே வச்சுட்டேன். அவரு வந்து பிரிச்சாரு. மூஞ்சிகிட்ட கொண்டுபோயி ரொம்ப நேரம் பாத்தாரு. ஒண்ணுங் கேக்கல. உளியெல்லாத்தையும் துணியில சுருட்டிப் பரண்ல போட்டுட்டாரு. பன்னெண்டு நாளாச்சு. வீடு பளிச்சுன்னு கெடக்கு, எனக்கு அழுகையா வருது. தங் கைவேலையிலதேன் தப்புன்னு நெனச்சுட்டாரு போல. அவரு திரும்ப உளியத் தொடணும் பாய். மரத்துலதேன் கோளாறுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க. உங்களுக்கு என்ன கொறஞ்சிரப்போகுது.

ஏன் சிரிக்கிறீக?

இங்க வந்தாரா… எப்ப? மறுநாளேவா… மரத்த மோந்து பாத்தாராமா? ஏலக்கா வாசம் அடிச்சுச்சுன்னு அவரே சொன்னாரா…

அப்ப, தெரிஞ்சுக்கிட்டேதேன் இத்தன நாளும் எங் கையால சோறு வாங்கித் தின்னுருக்காரு. ஒரு வார்த்த வையலயே பாய். வஞ்சிருந்தா நானும் ரெண்டு வஞ்சுட்டு, அன்னைக்கே ஒத்துக்கிட்டிருப்பேன்ல.

அது என்ன துண்டு? குமிழா… அவரு எடுத்து வைக்கச் சொன்னாரா? அவளா வாயத் தொறந்து சொல்லட்டும், பெறகு வந்து வாங்கிக்கிறேன்னாரா.

குடுங்க, நானே தூக்கிட்டுப் போறேன். மெட்டு ஜீப்பு கெளம்பிருச்சான்னு பாருங்க பாய். ஊரு பூராம் பேசுற வாயி இது. அந்த மனுசங்கிட்டப் போயி 'நாந்தேன்'னு ஒரு சொல்லு… அதச் சொல்ல மட்டும் பன்னெண்டு நாளா வரல.