பியார்னே வானத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

– அந்தக் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பு. இதுல உயிர்ப்படகு எங்க இருக்கு, தோரா?

– ராக்கெட்டுக்கு உயிர்ப்படகா? ஹெர்தீஸ் அக்கா, இது உன் மீன்பிடிப் படகு இல்ல. விளையாட்டு.

– விளையாட்டா இருந்தா என்ன? ஆள் ஏத்துறியா, இல்லியா?

– ஒருத்தனை ஏத்துறேன். அவனுக்குத்தான் இந்தப் பாராசூட். உச்சியில தொப்பி மாதிரி இருக்கு பாரு. அதுக்குக் கீழ அவன் உக்கார்ற கூண்டு. அப்புறம் எண்ணெய்த் தொட்டி, அடியில என்ஜின். நடுவுல ஒரு வளையம் தெரியுதா? எண்ணெய் தீந்ததும் அது கூண்டைத் தனியாக் கழட்டி விட்டுடும். நான் கட்டுன மொத ராக்கெட்! எப்படி இருக்கு?

– மீன் எண்ணெய் பாட்டில் மாதிரி இருக்கு.

– பொறாமை. நேத்து சாப்பிடும்போது என்ன சொன்ன? இன்னொரு தரம் சொல்லு, கேக்க ஆசையா இருக்கு.

– சொல்றதுக்கென்ன. பொம்மை ராக்கெட் கூட விட்டதில்ல, ஜெர்மனியில பிரேமன் ஊருக்குப் போயி நிஜ ராக்கெட்டுக்கு என்ஜின் பூட்டப் போறாளாம்னேன். விளையாட்டுலயாவது ஒண்ணை வானத்துக்கு அனுப்பி, உள்ள இருக்கறவனை உசுரோட கீழ கொண்டாந்து காட்டு, அப்புறம் கிளம்புன்னேன்.

– அவன் செத்துட்டா?

– செத்துட்டா, நாளைக்குக் காலையில அந்த ஊர்க்காரங்களுக்கு ‘வரலை’ன்னு எழுதிப் போட்டுட்டு, இந்தக் காட் மீன் பருவம் முடியற வரைக்கும் என்கூடப் படகுல நிக்கற. நீயும் பெரிசாத் தலையாட்டுன.

– இப்பவும் ஆட்டுறேன். உன் படகோட கிழட்டு என்ஜினை இத்தனை வருஷமா ஓட வச்சவ நான். இதை மேல தூக்க மாட்டேனா?

– பேச்சைக் குறை. ஓட்டறவன் பேரென்ன?

– அது என்னமோ ஒரு பேரு காட்டுது. நாமளே வேற வைக்கலாம்... ஐயோ அக்கா! ஜன்னலைப் பாரேன், பக்கத்து வீட்டு பியார்னே!

– அவனுக்கென்ன இப்ப?

– கடல்ல போடற உயிர்காப்பு உடுப்பை மாட்டிக்கிட்டு பனியில நடந்து பழகறான்! ஆரஞ்சுக் கலர்ல, உருண்டையா, கையைப் பரத்திக்கிட்டு! அதுவும் அளவே சரியில்ல, முழங்கைக்குக் கீழ எல்லாம் வெளிய நிக்குது. பஸ் ஓட்டறவனுக்கு எதுக்கு அது? யாருகிட்ட இரவல் வாங்கினானோ!

– எதுக்கோ போட்டுட்டுப் போறான். சிரிக்காத. பஸ்ஸுக்கு முன்னாடி பத்து வருஷம் கடல்ல கிடந்தவன்தான் அவனும். உன் வேலையப் பாரு.

– பாத்தாச்சு. இவன் பேரும் பியார்னே. அதே ஆரஞ்சு, அதே உருண்டை, அதே பல்லு. சரி, கீழ நீளமா ஒரு பட்டன் இருக்குல்ல, அதை நீயே அழுத்துக்கா. அப்புறம் நான் திருட்டாட்டம் ஆடினேன்னு சொல்லக்கூடாது. மூணு... ரெண்டு... ஒண்ணு!

– அழுத்திட்டேன்.

– ஏய், ஏய், ஏய்!

– என்னடி இது? என்ஜின் எரியுது, கூண்டு கழண்டு உருளுது, பாராசூட் போர்வை மாதிரி மேல விழுந்து கிடக்குது. தரையை விட்டு ஒரு சாண் ஏறலியே!

– சிரிக்காதக்கா.

– சிரிக்காம? அதுக்குள்ள உன் பியார்னே வேற பல்லைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். நான் போயி உன் கையுறையைக் காய வைக்கறேன், நாளைக்கு வேணும்.

– உக்காரு நீ. அவன் சாகலல்ல? அப்ப ஆட்டம் முடியல. தப்பு எங்கன்னு தெரிஞ்சு போச்சு. இந்த ஓரத்துல ஒரு வரிசை இருக்கு பாரு. ஒவ்வொரு தரம் பட்டன் அழுத்தும்போதும் கீழேருந்து ஒவ்வொரு கட்டமா வேலை செய்யும். நான் மூணையும் ஒரே கட்டத்துல போட்டுட்டேன்.

– ஏன் போட்ட?

– உன்னாலதான்! நம்ம படகுல கிளம்பும்போது என்ஜின், விளக்கு, ரேடார், பம்பு, எல்லா ஸ்விட்சையும் ஒரே வீச்சுல தட்டுன்னு என்னைப் பழக்கி வச்சதே நீதான். கை தானாப் போயிடுச்சு.

– கரையில நின்னுக்கிட்டு ஒவ்வொண்ணா யோசிக்கறவ மீன் பிடிக்க மாட்டா.

– ராக்கெட் பிடிப்பா. இரு, பிரிச்சு அடுக்கறேன். மொதல்ல இந்தப் பாராசூட்டைக் கழட்டி ஓரமா வைக்கறேன். என்ஜின் அடியில. அதுக்கு மேல வளையம். அப்புறம்... என்ன புகை வாசனை?

– வாஃபிள்! அடுப்படிக்கு ஓடு, நான் அதைச் சுடற இரும்பை அணைக்கல!

– நீ சுட வச்சதுக்கு நான் ஓடணுமா?

– தங்கச்சியாப் பொறந்துட்டல்ல, ஓடு!

– ஒண்ணு கருகிப் போச்சு! மத்ததெல்லாம் நல்லாருக்கு! ஏலக்காய் தூக்கலாப் போட்டியாக்கா?

– போட்டேன்! பழுப்புச் சீஸ் அலமாரி கீழ்த்தட்டுல இருக்கு, சீவி எடுத்துட்டு வா!

– காபியும் கொண்டாரேன்! அங்க என்ன டக் டக்குன்னு சத்தம்?

– மேசையைத் துடைக்கறேன்!

– அட, என் அக்கா மேசை துடைக்கறாளா? தோத்துப் போற பயம் வந்துடுச்சு. தட்டைப் பிடி. சரி, இந்தத் தடவை பாரு. அழுத்து.

– அழுத்தறதுக்கு முன்னாடி ஒரு தரம் எல்லாத்தையும் பாத்துக்க.

– பாத்தாச்சு, பாத்தாச்சு. நீ அழுத்துக்கா!

– ...அம்மாடி. ஏறுதே.

– ஏறாம?

– மூக்கு சாயுது, தோரா. அப்படி வெடுக்குன்னு இழுக்காத. எதிரலையில சுக்கான் பிடிக்கற மாதிரி, பொறுமையா... ஆங், அப்படித்தான்.

– தெரியும், தெரியும். பாரு, வானம் நீலம் கருத்துக்கிட்டே வருது.

– எண்ணெய் காலி! ஊளைச் சத்தம் நின்னு போச்சு! விழுந்துடுமேடி!

– விழாது. வந்த வேகத்துலயே இன்னும் மேல போகும். ரெண்டாவது தரம் அழுத்து, தொட்டி கழண்டு போகட்டும். கழண்டுச்சா? இப்ப இந்த உயரம் காட்டற நம்பரை மட்டும் பாரு. இந்த விளையாட்டுல எழுவது கிலோமீட்டரைத் தாண்டினா காத்து கிடையாது, அதுக்கப்புறம் வானம்தான். அறுவத்தெட்டு... அறுவத்தொம்பது... தாண்டிட்டான்! பியார்னே தாண்டிட்டான்க்கா!

– கத்தாத, வெளிய இருக்கறவனுக்குக் கேட்டுடும்.

– கேக்கட்டுமே! கீழ பாருக்கா, கடல்!

– மேலேருந்து பாத்தா கடல் இப்படித்தான் இருக்குமா? அவ்வளவு அழகா இருக்கு.

– மலைக்கு அந்தப் பக்கம் நம்ம ஊர்லயே நிஜ ராக்கெட் விட்டப்பல்லாம் நீ ஒரு தரமாவது நிமிந்து பாத்திருக்கியா? வலையையே பாத்துட்டிருப்ப. நான்தான் கயிறைக் கையில பிடிச்சுக்கிட்டு அண்ணாந்து நிப்பேன்.

– பாத்திருக்கேன்.

– ராக்கெட்டையா?

– நீ அண்ணாந்து நிக்கறதை.

– ...அக்கா, இவன் உசுரோட வந்துட்டா படகுல உன்கூட யாரு நிப்பா? இன்னும் ரெண்டு மாசம் மீன் இருக்கு. ஒண்டியா வலை இழுக்க முடியாது உன்னால.

– மொதல்ல அவன் வரட்டும். இறங்கறான் பாரு, சுத்தி நெருப்புப் பிடிக்குது.

– அது காத்து உரசுறது. கூண்டு தாங்கும். வேகம் குறைஞ்சதும் மூணாவது தரம் அழுத்தி பாராசூட்டை... பாராசூட்... ஐயோ!

– என்ன?

– கழட்டி ஓரமா வச்சேன். வாஃபிள் கருகுதுன்னு எந்திரிச்சு ஓடினேன். திரும்ப மாட்டவே இல்லக்கா! மாட்டவே இல்ல!

– கையை எடுக்காத. நேரா வச்சிரு.

– வச்சிருந்து? கல்லு மாதிரி விழறான். கடல் கிட்ட வந்துடுச்சு. போச்சு. எழுதிடறேன் விடு, ‘வரலை’ன்னு. ஒரு பாராசூட்டை மறந்தவ நிஜ மனுஷங்களை ஏத்துற வண்டியைத் தொடவே கூடாது.

– புலம்பாம வேகத்தைச் சொல்லு. குறையுதா?

– குறையுது. என்ன பிரயோஜனம்?

– நகரு, நான் அழுத்தறேன்.

– அழுத்த எதுவுமே மிச்சமில்லக்கா, ரெண்டு கட்டத்தோட முடிஞ்சு... என்னது அது?

– தொப்பி.

– விரியுதே! எப்படி விரியுது? யாரு... மிதக்கறான்! தண்ணியில மிதக்கறான், பல்லைக் காட்டறான்! நீயா? நான் அடுப்படியில இருந்தப்பவா?

– ஓரமாக் கிடந்ததை எடுத்து உச்சியில வச்சேன். நீ சொன்ன வரிசையில கடைசிக் கட்டத்துல தள்ளினேன். அவ்வளவுதான். ராக்கெட் போகும்போது நீ அந்த நம்பரையே முறைச்சுக்கிட்டு இருந்த, தலையில தொப்பி இருந்ததைக் கூடப் பாக்கல. பிரேமன்ல அப்படி இருக்காத. ஏத்துறதுக்கு முன்னாடி மேலேருந்து கீழ வரைக்கும் கையால தொட்டுப் பாரு.

– பாக்கறேன். சத்தியமாப் பாக்கறேன். ஆனா ஏன்க்கா? சும்மா உக்காந்திருந்தா நீ ஜெயிச்சிருப்ப. நான் நாளைக்கு உன்கூடப் படகுல நின்னிருப்பேன்!

– உயிர்ப்படகு இல்லாத எதையும் நான் கரையை விட்டு அனுப்பினதில்ல. அது பொம்மையா இருந்தாலும் சரி, நீயா இருந்தாலும் சரி.

– அப்ப படகுக்கு ஆளு?

– வாஃபிள் ஆறுது. ஜன்னலைத் திறந்து பியார்னேயை உள்ள கூப்பிடு, நடந்து பழகினது போதும்னு சொல்லு. அவன் மாட்டியிருக்கறது உன்னோட உடுப்புதான்டி. நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடியே நான்தான் எடுத்துக் குடுத்தேன்.