தொண்ணூற்று ஒன்பதரைப் பேர்

பெருமதிப்புக்குரிய இந்தக் கூட்டத்தின் தலைவர், யட்டியாந்தோட்டைக் கடைவீதியின் மூத்த வர்த்தகர், நாம் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே இருக்கும் பதினோரு ஏக்கர் காட்டின் ஏக உரிமையாளர் தம்பையா முதலாளி அவர்களே! பல்கலைக்கழகத்திலிருந்து பஸ் மாறி, பஸ் மாறி, கடைசியில் பஸ் இல்லாமல் நடந்தே வந்து சேர்ந்திருக்கும் நுஹா மிஸ் அவர்களே! முப்பத்தொரு வருஷம் வேலைக்கணக்கில் நமக்கெல்லாம் பேர் போட்ட, நம்மில் பலருக்குப் பேர் வெட்டிய, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஏழுமலை ஐயா அவர்களே! மேடையில் நாற்காலி கிடைத்த பெரியோர்களே! நாற்காலி கிடைக்காமல் கீழே நிற்கும், அவர்களைவிடப் பெரியோர்களே! காலையில் பால் வெட்டி, வாளி கழுவி, கை கழுவி, அப்படியும் ரப்பர் வாசம் போகாமல் வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! கூட்டம் தொடங்க அரைமணி நேரம் இருக்கும்போதே ஒலிவாங்கிக்கு உயிர் கொடுத்துவிட்ட புவாட் தம்பி அவர்களே! மாதர் சங்கச் செயலாளர் ஜீவராணியின் வணக்கம் உங்கள் எல்லோருக்கும் உரியது.

புவாட் தம்பி அந்த ஒலிவாங்கிக்காக என்னிடம் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டார். கேட்க வேண்டியதில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அங்கே பின்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுமை காக்க வேண்டும். உங்கள் காதில் விழுந்தது என் காதிலும் விழுந்தது. தலைவர் அவர்கள் என்ன விஷயம் என்று பார்க்கிறார். ஒன்றுமில்லை ஐயா. தண்ணீர் குடியுங்கள்.

அந்தத் தண்ணீரில் இருந்தே தொடங்குகிறேன். தலைவர் கையில் இருக்கும் அந்தக் கிளாஸில் இருப்பது எந்தத் தண்ணீர்? குழாய் வழியாகக் கொட்டுகிற நம் பீலித் தண்ணீர். நம் பீலிக்கு எங்கிருந்து வருகிறது? தலைவருடைய காட்டிலிருந்து வருகிறது. நாற்பத்தாறு குடும்பம் குளிப்பது அதில், குடிப்பது அதில், பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டையை அலசுவது அதில். நம் தோட்டத்தின் அடுத்த டிவிஷனுக்கு மேலேயும் ஒரு காடு இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அதை வெட்டினார்கள். அடுத்த வருஷமே அவர்களுடைய பீலி நின்றது. அந்த டிவிஷன் பெண்கள் இன்றைக்கும் பால்வெட்டு முடித்த கையோடு குடத்தை எடுத்துக்கொண்டு நம் பீலிக்கு ஏறி வருகிறார்கள். நாம் விட்டுக்கொடுத்து நிற்கிறோம். நம் பீலியும் நின்றால் நாம் எந்தப் பீலிக்குப் போய் நிற்பது? எனக்குப் பயம். மேடையில் நின்று பயம் என்று சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்கிறேன். ஐந்து மாதமாகப் பயந்துகொண்டுதான் இருக்கிறேன்.

ஐந்து மாதத்துக்கு முன்பு, காட்டை மரம் வாங்கி வெட்டுகிற மரக்காரருக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நாங்கள் பதினான்கு பெண்கள் தலைவருடைய சீமெந்துக் கடைக்குப் போனோம். அவர் எங்களை மரியாதையாக நடத்தினார். பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு கடை நிறைய ஆள் இருக்கும்போது சொன்னார்:

“அந்தக் காட்டுல அட்டையைத் தவிர என்னம்மா இருக்கு? நூறு வகை உசுரு இருக்குன்னு எழுதிக் கொண்டாங்க. ஹரி, ஒரு மரத்துல கை வைக்க மாட்டேன்.”

எங்களைக் கடையிலிருந்து அனுப்புவதற்காகச் சொன்னார் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் சொன்னார். சீமெந்து வாங்க வந்த ஒன்பது பேர் கேட்டிருக்க, சொன்னார். நாங்களும் பிளேன்டீயைக் குடித்துவிட்டு, அவர் சிங்களத்தில் சொன்ன ‘ஹரி’க்குத் தமிழில் ‘சரிங்க முதலாளி’ என்று சொல்லிவிட்டு வந்தோம்.

வந்தோமா? வந்ததும் நுஹா மிஸ்ஸுக்கு அறிவித்தோம். மிஸ் மாவனெல்லைப் பிள்ளை. காடுகளை எழுதுவதுதான் அவருக்குத் தொழில். அச்சடித்த படிவங்களோடு வந்தார். அதில் கட்டம் கட்டமாக இருந்தது: உயிரின் பெயர், கண்ட இடம், கண்ட நேரம், கண்டவர் பெயர். யார் கண்டாலும் எழுதலாம். அந்தக் காட்டுக்குள் நின்று, தன் கண்ணால் கண்டிருக்க வேண்டும். பட்டியலைக் கையளிக்கும் நேரம் வரைக்கும் எழுதலாம். இதுதான் மிஸ் சொன்ன விதி. இதைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தலைவரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுதுகிற வேலையை ஏழுமலை ஐயாவிடம் ஒப்படைத்தோம். எழுத்து அழகாக இருக்கும் என்று நினைத்து ஒப்படைத்தோம். எழுத்து அழகாகத்தான் இருந்தது. ஆனால் முப்பத்தொரு வருஷம் செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டை எழுதிய கை, நுஹா மிஸ் கொடுத்த படிவத்தைப் பார்த்ததும் அதற்குத் தெரிந்ததைச் செய்தது. முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் காட்டு வாசலில் நின்று பெரட்டுப் பிடித்தார். விடியற்காலையில் நம்மை வரிசையில் நிறுத்தி ஆள் எண்ணுவாரே, அதே பெரட்டு! குரங்கு வந்ததா? வந்தது, முழுநாள் வேலைக்குப் போடுகிற முழுப்பேர். மைனா வந்ததா? வந்தது, முழுப்பேர். தேரை பதினொரு மணிக்கு வந்தது. பிந்தி வந்ததற்குக் காரணம் கேட்டு எழுதும்படி எங்களோடு வந்த இலட்சுமியிடம் சொன்னார். இலட்சுமி தேரையிடம் கேட்கவில்லை. அது அவருக்கு இன்றுவரை வருத்தம்.

மூன்று ஞாயிறு ஏறினோம். பால் வெட்ட இருபத்திரண்டு வருஷம் ரப்பர் மரப்பட்டையையே முறைத்துப் பார்த்த கண் எங்களுடைய கண். கத்தி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓணான் பட்டை நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் மிஸ்ஸுக்குத் தெரியவில்லை, எங்களுக்குத் தெரிந்தது. மூக்கில் கொம்பு வைத்த ஓணானை அப்படித்தான் பிடித்தோம். பிடித்தோம் என்றால் கண்ணால் பிடித்தோம். நண்டு கண்டோம், நத்தை கண்டோம், இலை மாதிரி இருந்த பூச்சி கண்டோம், பூச்சி மாதிரி இருந்த இலையும் கண்டோம். அதை மிஸ் வெட்டிவிட்டார். மூன்றாம் ஞாயிறு மாலையில் ஐயா கூட்டிப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு. நாங்கள் பாயாசம் வைத்தோம்.

பாயாசம் ஆறுவதற்குள் ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். மேல் லயத்தில் கங்காணி என்கிற குருவியும், கீழ் லயத்தில் விசிலடிச்சான் என்கிற குருவியும் ஒரே குருவி என்று கண்டுபிடித்தார். விடியற்காலையில் கத்தி எல்லோரையும் எழுப்புவதால் மேலே அந்தப் பெயர், கீழே இந்தப் பெயர். இரண்டு லயத்தில் பேர் போட்டுக்கொண்ட ஆளை ஐயா எப்போது விட்டிருக்கிறார்? வெட்டினார். அப்படியே பதின்மூன்றை வெட்டினார். மனுஷரைப் பார்த்து வெட்டிய அதே முகத்தோடு, குருவியையும் வெட்டினார். மீதி எத்தனை? தொண்ணூற்று ஒன்பது. பாயாசத்தை யாரும் குடிக்கவில்லை.

அப்புறம் ஒன்று மிச்சம் இருந்தது. காட்டின் நடுவில் மூங்கில் புதருக்குள்ளிருந்து ஒரு குரல். ஹூப்... ஹூப்... அடிவயிற்றிலிருந்து வருகிற குரல். நாமெல்லாம் கேட்ட குரல்தான், யாரும் கண்டதில்லை. அதைக் கேட்டதும் நுஹா மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். அது பச்சை மூக்குச் செண்பகம், இந்த நாட்டைவிட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாதது, இங்கேயும் கொஞ்சமே கொஞ்சம் மிச்சம் இருப்பது என்றார். இதற்கு மட்டும் விதியைத் தளர்த்தலாம், குரலைக் கேட்டாலே போதும், எழுதலாம் என்றும் சொன்னார். ஐயா மறுத்துவிட்டார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்:

“கண்ணுல படாத ஆளுக்கு நான் என்னிக்கும் முழுப்பேர் போட்டதில்லம்மா. சத்தம் மட்டுந்தான் பெரட்டுக்கு வந்துச்சு. அரைப்பேர்.”

போட்டார். உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவைக்கு, உலகத்தில் வேறெங்கும் இல்லாத கணக்கப்பிள்ளை, அரைப்பேர் போட்டார். நான் அவரோடு சண்டை போட்டேன், மறுக்கவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவும் இல்லை. பட்டியலைத் தலைவருடைய கடைக்குக் கொண்டுபோனோம். தலைவர் உள்ளே ஒரு வரியும் படிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தார். தொண்ணூற்று ஒன்பதரை. “நூறு இல்லையேம்மா” என்றார். மேடையில் வைத்துக் கொடுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், நல்ல முயற்சி என்று பாராட்டியும் பேசுகிறேன் என்றார். அதற்காகத்தான் இன்றைக்கு வந்திருக்கிறார். நல்ல முயற்சி என்று பாராட்டிவிட்டு, திங்கட்கிழமை மரக்காரரைக் கூப்பிடுவார்.

என் தாய்மார்களே! அரைப்பேர் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? பெரட்டுக்குப் பத்து நிமிஷம் பிந்தினால் அரைநாள் சம்பளம் போய் அரைப்பேர் வாங்கியது யார்? வெட்டிய பாலில் மழை விழுந்தால், மழை செய்த குற்றத்துக்கு அரைப்பேர் வாங்கியது யார்? வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு மலை ஏறி, பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்ததற்கு அரைப்பேர் வாங்கியது யார்? நான்தான். போட்டவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். ஐயா, தலையைக் குனிய வேண்டாம், அது பழைய கதை. நான் சொல்ல வந்தது வேறு. கப்பலில் ஏற்றும்போது நம்மை எண்ணினார்கள். இறக்கும்போது எண்ணினார்கள். மலையில் விடியும்போது எண்ணினார்கள், பொழுது அடையும்போது எண்ணினார்கள். நாடு இல்லாதவர்கள் என்று எண்ணினார்கள், அனுப்ப வேண்டியவர்கள் என்று எண்ணினார்கள். தலைமுறை தலைமுறையாக எண்ணப்பட்ட சனம் நாம்! அந்தச் சனம் முதல் தடவையாக, தானே கையில் படிவத்தை எடுத்து, தன் தலைக்கு மேலே இருக்கிற காட்டை, தன் கண்ணால், தன் காலில் அட்டைக்கு இரத்தம் கொடுத்து எண்ணி முடித்திருக்கிறது. எண்ணி முடித்த கணக்கில் ஒரு அரை குறைகிறது. அந்த அரையை எங்கே போய்த் தேடுவது?

இங்கேதான் புவாட் தம்பிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இரண்டரை மணி இருக்கும். கூட்டம் தொடங்கவில்லை. தலைவரும் கோயில் தர்மகர்த்தாவும் மட்டும் முன்கூட்டியே வந்து மேடையில் அமர்ந்திருந்தார்கள். காட்டிலிருந்து அந்தக் குரல் வந்தது. ஹூப்... ஹூப்... தலைவர் பக்கத்தில் இருந்த தர்மகர்த்தாவிடம் ஏதோ சொன்னார். தர்மகர்த்தாவிடம் மட்டும் சொல்வதாக நினைத்துச் சொன்னார். ஒலிவாங்கி உயிரோடு இருந்தது ஐயா. மைதானம் முழுக்கக் கேட்டது. பீலியில் குளித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. சொல்லட்டுமா?

“அந்தா கத்துது பாருங்க. போன வாரம் மரம் வாங்குறவனைக் கூட்டிட்டுக் காட்டுக்குள்ள போனப்போ, மூங்கிலுக்குள்ளருந்து இப்புடித்தான் கத்திக்கிட்டு மூஞ்சிக்கு முன்னாடியே பறந்துச்சு. செண்பகம் மாதிரி. ஆனா மூக்கு நல்ல பச்சை.”

கைதட்ட வேண்டாம். யாரும் கைதட்ட வேண்டாம். தலைவர் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். நாங்கள் மரியாதை தெரிந்தவர்கள். பட்டியல் கைக்கு வருவதற்கு முன்பே மரம் வாங்குகிறவரைக் காட்டுக்குள் கூட்டிப்போனதாகத் தலைவர் சொன்ன அந்த முதல் பாதி, எங்கள் காதில் விழவில்லை. அதற்கு நாங்கள் அரைப்பேர்கூடப் போடவில்லை. இரண்டாம் பாதி மட்டும் விழுந்தது.

நுஹா மிஸ், நான் கேட்பது சரியா என்று சொல்லுங்கள். காட்டுக்குள் நின்று கண்டிருக்கிறார். தன் கண்ணால் கண்டிருக்கிறார். பட்டியல் இன்னும் கையளிக்கப்படவில்லை, இதோ ஏழுமலை ஐயாவின் மடியில்தான் இருக்கிறது. மிஸ் தலையாட்டுகிறார். ஏழுமலை ஐயா, பேனா இருக்கிறதா? எப்போதும் இருக்கும். உயிரின் பெயர், பச்சை மூக்குச் செண்பகம். கண்ட இடம், மூங்கில் புதர். கண்டவர் பெயர், தம்பையா முதலாளி.

ஐயா, இப்போது முழுப்பேர் போடுங்க.

போடுகிறார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு அரைப்பேரைத் திருத்தி அவர் முழுப்பேர் போட்டு நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். எழுத்து இப்போதும் அழகாகத்தான் இருக்கிறது. நூறு. தலைவர் எழுந்து நிற்கிறார். போவதற்கு என்று நினைத்தேன். இல்லை, பட்டியலை வாங்குவதற்குத்தான். இரண்டு கையாலும் வாங்குகிறார். கூட்டுத்தொகையைப் பார்க்கவில்லை; தன் பெயர் இருக்கிற வரியைத் தேடிப் படிக்கிறார். ஒலிவாங்கி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது ஐயா, ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“ஹரி” என்கிறார்.

கேட்டீர்களா? பீலிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். இந்த ஒரு வார்த்தைக்காகத் தலைவருக்கு நன்றி. படிவத்துக்காக நுஹா மிஸ்ஸுக்கு நன்றி. பிடிவாதத்துக்காக ஏழுமலை ஐயாவுக்கு நன்றி, இரண்டு நாள் பேசாததற்கு மன்னிப்பு. புவாட் தம்பிக்கு இரண்டு நன்றி. கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் பாயாசம் இருக்கிறது, இந்தத் தடவை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். அடுத்த டிவிஷன் தாய்மார்களே, வந்தது வந்தீர்கள், போகும்போது குடத்தை நிரப்பிக்கொண்டு போங்கள். தண்ணீர் இருக்கிறது. வணக்கம்.