வாழாவெட்டிக்குக் கொஞ்சம் இடம்

காரமடை பஸ்ஸில் முன் சீட்டுக்கு வந்தவள், பட்டுப்புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்:

"இந்த வாழாவெட்டிக்கும் கொஞ்சம் எடம் உடு அம்மணி."

பின் சீட்டில் இருந்த எனக்கே சுருக்கென்றது. பக்கத்துப் பெண் கேட்டாள்:

"ஏனுங்க்கா, நீங்களே அப்படிச் சொல்றீங்க?"

"புருசனை உட்டுட்டு வந்ததுல இருந்து ஊரே சொல்லுதே. இன்னைக்குத் தம்பி கல்யாணம். அதுல அக்கா செய்யற இணைச்சீருக்கு வாழாவெட்டி நிக்கக்கூடாதுன்னு பெரியப்பா சொல்லிப்போட்டாரு."

"அய்யோ, அப்பறம்?"

"தம்பி எந்திரிச்சு, 'எங்க வாழாவெட்டி நிக்கலீன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாமுங்க'ன்னுட்டான். இத்தனை வருசத்துல அந்த வார்த்தையக் கேட்டு அன்னைக்குத்தான் சிரிச்சேன்."

அவள் போன் அடித்தது. "தம்பிதான்" என்றாள். ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல்.

"ஏனுங்க வாழாவெட்டி, எங்க வந்துட்டிருக்கீங்க? மண்டபமே உங்களுக்காகக் காத்திருக்குதுங்க."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வாரேன் கண்ணு."